செவ்வாய்க்கிழமை யார் கதவு திறப்பது?

முப்பத்து மூன்று வயதில் எனக்குப் பணி ஓய்வு கேக் வெட்டினார்கள். பாரிஸின் லா சப்பலில், எங்கள் அலுவலகத்தின் பின்னறையில், பெட்டிகளுக்கு நடுவே. கேக்கின் மேல் "நிரோ அக்காவுக்கு இனிய ஓய்வு" என்று கிரீமில் எழுதியிருந்தது. எழுதச் சொன்னவன் செந்தூரன், எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவன். கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கும் குணம் அண்ணை ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"முப்பத்து மூண்டிலை பென்சனோ? இஞ்சை அறுபத்து நாலுக்கே சனம் ஊர்வலம் போகுது. நீ எந்தச் சங்கம் பிள்ளை? என்னையும் சேர்த்துவிடு."

எல்லோரும் சிரித்தோம். நான் ஓய்வு பெற்றது உழைப்பிலிருந்து இல்லை, ஒரு குறிப்பிட்ட வேலையிலிருந்து. அந்த வேலை இனி இல்லை. அப்படி ஒரு வேலை இருந்ததென்று சொன்னாலே பலர் நம்புவதில்லை. லக்சம்பேர்க்கில் போய் இருப்பதுதான் என் வேலை.

கேக் முடிந்து கரண்டிகளைக் கழுவும்போது செந்தூரன் கேட்டான்: "அக்கா, வாற சனமெல்லாம் லக்சம்பேர்க், லக்சம்பேர்க் எண்டுது. உண்மையா அந்தச் சின்ன நாட்டிலை என்ன லாபம்? வரியை விட்டிட்டுச் சொல்லுங்கோ."

வரியை விட்டுவிட்டு என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்புக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரிஸ் புறநகரான ஸ்தேனில் வளர்ந்தேன். வணிகமும் நிறுவனச் சட்டமும் படித்தேன். வகுப்பில் எல்லோரும் பெரிய சந்தைகளைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு என்னவோ வரைபடத்தில் பெயரே நுழையாத நாடுகள்மேல்தான் கண். பெயருக்குப் பதிலாக ஒரு எண் மட்டும் போட்டிருப்பார்களே, அவற்றின் மேல். படிப்பு முடிந்த கையோடு லா சப்பலில் மதாம் செலினிடம் சேர்ந்தேன். கடைக்காரர்களுக்கு நிறுவனம் பதிந்து கொடுக்கும் அலுவலகம் அவருடையது. "எனக்கு லக்சம்பேர்க் தாருங்கள்" என்று நானே கேட்டேன். யாரும் என்னை அனுப்பவில்லை. இதை இப்போதும் என் அம்மா நம்புவதில்லை.

மதாம் செலின் புதுச்சேரிக்காரர். வாடிக்கையாளர் பேசும்போது உட்காரமாட்டார். மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு கிளெமென்டைன் ஆரஞ்சை உரிப்பார், தோல் அறுந்துவிடாமல், ஒரே நாடாவாக. வந்தவர் தன் கனவு முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை உரிப்பு நடக்கும். கோப்பைத் திறக்கமாட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி:

"செவ்வாய்க்கிழமை காலைல பெல் அடிச்சா யாரு கதவு தொறப்பாங்க?"

பதில் இல்லாதவருக்கு ஒரு சுளையைக் கொடுத்து வழியனுப்பிவிடுவார். "பேப்பர் எல்லாம் நான் பண்ணிடுவேன் மெசியே. கதவு மட்டும் நான் தொறக்க முடியாது. வொய்லா."

சட்டமும் அதைத்தான் கேட்கிறது, கொஞ்சம் நீட்டி. அந்த நாட்டில் தொழில் நடத்த அனுமதி வேண்டுமானால், அதற்குத் தகுதியுள்ள ஒரு ஆள் உண்மையிலேயே அங்கே இருந்து அன்றாடம் நடத்த வேண்டும். வெறும் தபால் பெட்டி போதாது. லா சப்பல் வியாபாரிகள் சிலருக்கு அந்த ஆள் நான்தான். ரயில் நிலையத்துக்கு அருகில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஒற்றை அறை. கதவில் சின்னச் சின்னப் பெயர்ப்பலகைகள்: ஒரு மசாலா மொத்த வியாபாரம், ஒரு பயண முகவர், மென்பொருள் எழுதும் இரண்டு சகோதரர்கள். உள்ளே நான். கொள்முதலுக்குக் கையெழுத்திட்டேன், வேண்டாமென்றும் சொன்னேன், வங்கியோடு சண்டை பிடித்தேன். பெல் அடித்தால் கதவு திறந்தேன்.

செந்தூரா, இனி லாபம்.

பாரிஸில் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தால் முதலில் இசை கேட்கும், பிறகு ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பிறகு மறுபடியும் இசை. லக்சம்பேர்க்கில் போனை எடுப்பவரே பெரும்பாலும் முடிவெடுப்பவர். அடுத்த முறை உன் குரலை அவருக்குத் தெரியும். விண்ணப்பத்தில் பிழை இருந்தால் மறுத்துக் கடிதம் போடமாட்டார். கூப்பிட்டு, "மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை, மத்தியானம்வரை இருக்கிறேன், வந்துவிடு" என்பார். ட்ராமில் ஏறிப் போய்விடலாம். ட்ராமுக்கு டிக்கெட்டும் இல்லை, நாடு முழுவதும் அப்படித்தான்.

உள்ளூர்ச் சந்தை சிறியது என்பதை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். நான் மாற்றிச் சொல்வேன். உள்ளூரை நம்பி அங்கே யாரும் கடை திறக்க முடியாது. ஆகவே முதல் நாளே வெளியே பார்க்கத் தொடங்குகிறாய். ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ், மூன்றும் வாசற்படியில். காலையில் கிளம்பிய சரக்கு வான் மூன்றையும் தொட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும். மொழியும் அப்படியே. சின்ன நாட்டுக்காரர்கள் அடுத்தவன் மொழியைப் படித்தே வளர்கிறார்கள். அதனால் உன் உச்சரிப்பைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள். பொபினியில், விசா கொடுக்கும் பிரெஃபெக்சூர் அலுவலகத்தில், என் அம்மா ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கப்பட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். லக்சம்பேர்க்கில் எனக்கு அது ஒருமுறைகூட நடக்கவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது இப்போதும் வேகம் வருகிறது. ஆனால் நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். திங்கள் விடியற்காலையில் பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறினால், வெள்ளிக்கிழமை திரும்பி வந்து குணம் அண்ணை "என்ன பிள்ளை, வந்திட்டியே" என்று கேட்கும்வரை என் வாயிலிருந்து தமிழ் வராது. சில வெள்ளிகளில் முதல் சொல் பிரெஞ்சிலேயே வந்துவிடும். போனில் பேசலாம்தான், ஆனால் வேலை நாளில் யாரைக் கூப்பிட்டாலும் "ஓம், சொல்லு, வேலையிலை நிக்கிறன்" என்பார்கள். நாடு சிறியது, ஆகவே எல்லோரையும் தெரியும். பேக்கரிக்காரி, வங்கி மனிதர், ட்ராம் நிறுத்தத்தில் எப்போதும் சிவப்புச் சைக்கிள் தலைக்கவசத்தோடு நிற்கும் நரைத்த மதாம். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். பெல் அடித்தால் அது அலுவலகப் பெல்தான்.

இப்போது அருள்தாஸ் அண்ணை.

மன்னார்க்காரர். பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் ஒரு பழைய கட்டடத்தில் இடியப்பம் அவித்து, உறைய வைத்து, கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். லா சப்பலில் எந்தக் குளிர்பெட்டியைத் திறந்தாலும் அவருடைய பச்சைப் பொதி இருக்கும். ஒரு நாள் மனைவி ஜெசிந்தா அக்காவோடும் அக்காவின் தம்பி அன்ரனோடும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஓல்னேக் கட்டடத்தை இடிக்கப் போறாங்கள் மதாம். திறப்பைக் குடுக்கச் சொல்லியாச்சு. வேறை இடம் எடுக்கத்தான் வேணும். எடுக்கிறதை ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் பக்கத்திலை எடுத்தால் என்ன? ஜெர்மனியிலை சார்புறூக்கன் சனம் போனிலை அழுகுது, எப்ப வருவியள் எண்டு."

கிளெமென்டைன் தோல் கீழே தொங்கியது. "சந்தோஷம் மெசியே அருள்தாஸ். செவ்வாய்க்கிழமை காலைல பெல் அடிச்சா யாரு கதவு தொறப்பாங்க?"

"மச்சான் திறப்பார்," என்றார் அருள்தாஸ் அண்ணை, அன்ரனைக் காட்டி.

அன்ரன் பெரிய வாகன ஓட்டுநர். அதற்கு முன் பல வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றவர், தகுதிக்கு அது போதும். ஆனால் அவர் பெயரைச் சொன்னதற்குக் காரணம் அது இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்த புதிதில் குடும்பத்தில் யாருக்கு முதலில் விசா கிடைத்ததோ, எல்லாவற்றையும் அவர் பெயரில் எழுதினார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், தொலைபேசி, வான், கடை. பிறகு எல்லோருக்கும் விசா கிடைத்தது, பிரஜாவுரிமையும் கிடைத்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தக் குடும்பத்தில் முதலில் கிடைத்தது அன்ரனுக்கு.

"என்ரை பேரிலை என்னென்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது," என்றார் அன்ரன். "ஒரு நாள் பொலிஸ் வந்து ஈபிள் கோபுரமும் உன்ரைதானோ எண்டு கேட்டால், அத்தானைக் கேட்டிட்டுச் சொல்லுறன் எண்டுதான் சொல்லுவன்."

லக்சம்பேர்க்கில் போய் நிற்பீர்களா என்று மதாம் செலின் அவரிடம் நேராகக் கேட்டார். நிற்பேன் என்றார். அந்த நேரத்தில் அவர் அதை நினைத்துத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். கோப்பு திறந்தது.

எல்லைக்கு அருகே ஒரு சின்ன ஊரில் பழைய இறைச்சிக் கடையொன்று கிடைத்தது. தரையில் ஓடு, சுவரில் ஓடு, நல்ல குளிரறை. இடியப்பத்துக்கென்றே கட்டியது போல் இருந்தது. அனுமதி வந்தது. ஓல்னேயின் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தொடங்கி வைக்க ஜெசிந்தா அக்கா போனார். மாவுக்கும் தண்ணீருக்கும் அந்த ஊரில் பொருத்தம் பார்க்க வேண்டும், உள்ளூரில் எடுத்த மூன்று பெண்களைப் பழக்க வேண்டும். கடைக்கு மேலே இரண்டு அறை இருந்தது, அங்கே தங்கினார். ஈஸ்டருக்குள் திரும்பிவிடுவேன் என்று பாரிஸ் தேவாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழுவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்ரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கையெழுத்திட்டுவிட்டு, பிரிஜ்ஜில் இருக்கிற மீன்குழம்பைக் கட்டிக்கொண்டு போவார்.

பெல் செவ்வாய்க்கிழமைதான் அடித்தது.

மத்தியானம் என் போன் அடித்தது. ஜெசிந்தா அக்கா. "பிள்ளை, ஒரு மனுசி வந்தவ. சைக்கிளிலை. எல்லாத்தையும் திறந்து பாத்தவ. நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ தெரியேல்லை."

"என்ன கேட்டவ?"

"இஞ்சை ஆர் பொறுப்பு எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"என்ரை தம்பி எண்டன். பாரிஸிலை நிக்கிறார் எண்டன். உண்மையைத்தானே சொன்னனான்."

அடுத்த நாள் காலை ட்ராம் நிறுத்தத்தில் சிவப்புத் தலைக்கவசம் என்னிடம் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நாளும் நான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது உணவுச் சோதனை அதிகாரிக்கு. கோப்பில் பிரதிநிதி என்று என் பெயர் இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. சமையலறை மிகச் சுத்தம் என்றார். குளிரறையில் குறை இல்லை என்றார். பிறகு சொன்னார்:

"பொறுப்பாளர் இங்கே இல்லை என்று ஒரு பெண் எனக்குச் சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். மாவு வந்தவனைத் திருப்பி அனுப்பினாள். எனக்குக் கையுறை கொடுத்து, போடாமல் உள்ளே வராதே என்றாள். மத்மசெல், உங்கள் காகிதத்தில் இருக்கும் ஆள் எனக்கு வேண்டாம். இருக்கும் ஆளைக் காகிதத்தில் போடுங்கள். மாத முடிவுவரை பார்ப்பேன். அதற்குப் பிறகு அனுமதியை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டிவரும்."

ட்ராம் வந்தது. இருவரும் ஒரே பெட்டியில் ஏறினோம். வேறு வழி இல்லை, அது சின்ன நாடு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லா சப்பலில் எல்லோரும் கூடினோம். ஓல்னே கையைவிட்டுப் போய்விட்டது. இதுவும் நின்றால் அவர்களுக்கு அடுப்பு என்று ஒன்று எங்குமே இல்லை. அருள்தாஸ் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உன்ரை பேரைப் போடன். நீ அங்கைதானே நிக்கிறாய். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"அண்ணை, அந்த மனுசி கேட்பா. நான் ஒரு நாளும் ஒரு இடியப்பம் பிழிஞ்சதில்லை எண்டு அவவுக்கு ட்ராமிலேயே தெரிஞ்சிடும்."

"அப்ப அன்ரன், நீ போய் நில்லு."

"அத்தான், எனக்கு லொறி இருக்கு, மூண்டு பிள்ளையள் இருக்கு. கிழமையிலை ஒரு நாள் எண்டால் பாக்கலாம்."

"செவ்வாய்க்கிழமை எண்டால் காணும்," என்றார் அருள்தாஸ் அண்ணை. அந்த ஒரு நாளே போதுமாம்.

மதாம் செலின் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார். உரித்து முடிந்தது. யாரையும் பார்க்காமல் அதே கேள்வியைக் கேட்டார்.

ஜெசிந்தா அக்கா தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் திறப்பன்," என்றார்.

"உனக்கு விசரே ஜெசி? அங்கை தனிய இருப்பியோ? ஒரு தமிழ்ச் சனம் இல்லை. பூசை இல்லை. ஆரோடை கதைப்பாய்?"

"ஆரோடையும் இல்லை. பின்னை வேறை ஆர் திறக்கிறது? ஓல்னேயிலை இவ்வளவு காலமும் ஆர் திறந்தது?"

"அதை நான் இல்லையெண்டு சொன்னனானே?"

"நீங்கள் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. பெட்டியிலை அருள்தாஸ் இடியப்பம் எண்டு இருக்கு, பேப்பரிலை அன்ரன் எண்டு இருக்கு. வாசல்லை மட்டும் நான்."

அன்ரன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அக்காட்டை சமையல் சான்றிதழ் இருக்கு," என்றார். "பிள்ளையள் சின்னனா இருக்கேக்கை பொபினியிலை படிச்சவ. நான்தான் அந்த நேரம் பிள்ளையளைப் பாத்தனான்."

எங்கள் யாருக்கும் அது தெரியாது. யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மதாம் செலின் உரித்த பழத்தை அப்படியே ஜெசிந்தா அக்காவின் முன் வைத்துவிட்டு, முதல் தடவையாக வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தார். "பேரு சொல்லுங்க மதாம். முழுப் பேரு."

லக்சம்பேர்க் அனுமதி அலுவலகத்தில் நடந்தது வேகமாக நடந்தது. செந்தூரா, உன் கேள்விக்கு அதுவும் பதில்தான். நானும் அக்காவும் போனோம். அதிகாரி ஒருவரே, மேசையும் ஒன்றே. சான்றிதழைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுந்து கை கொடுத்து, "வாழ்த்துகள், பொறுப்பாளர் அம்மணி" என்றார். ஜெசிந்தா அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தார், யார் உள்ளே வந்தது என்று.

வெளியே வந்ததும் ட்ராம் நிறுத்தத்தில் நின்று அழுதார். ஈஸ்டர் பாட்டுக்கு இனிப் போக முடியாது என்பதற்காக என்றார். நான் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து நான் ரயிலேறி அந்த ஊருக்குப் போவேன். கடைக்கு மேலே உள்ள அறையில் இருவரும் சாப்பிடுவோம். அந்த நாட்டில் வாரத்தில் ஒரு நாள் எனக்குத் தமிழ் கிடைத்தது, அவருக்கும். முதல் குளிர்காலம் கடினமாக இருந்தது. அருள்தாஸ் அண்ணை வானோடு வருவார், ஏற்றுவார், போய்விடுவார். பாரிஸ் பக்கத்து விற்பனையை அவர்தான் பார்க்க வேண்டும். "வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டால், மெத்ஸ் ஊர்க் கடையடியிலை பாத்துக்கொண்டு நிப்பாங்கள் எண்டுறார்," என்று அக்கா சிரிப்பார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். ஆள் இல்லாவிட்டாலும் பேருந்து நின்று போகும்.

அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வருவது பாதிக்கு மேல் போர்த்துக்கேயர்கள். அவர்களுக்கு ஒரு பாடகர் குழு இருந்தது. ஒரு நாள் பின்வரிசையில் நின்று அக்கா ஒரு சுருதி கொடுத்திருக்கிறார். பூசை முடிந்ததும் இரண்டு பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்களாம். "ஒரு சொல் விளங்கேல்லை பிள்ளை. ஆனால் மெட்டு எனக்குத் தெரியும்."

இப்போது என் வேலை ஏன் போனது என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் பல நிறுவனங்களுக்குப் பொறுப்பாக நிற்பதை அதிகாரிகள் நெருக்கிக்கொண்டே வந்தார்கள். அந்தச் சைக்கிள் மதாம் நியாயமாகக் கேட்டதுதான், இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். மற்ற வேலைகள் கணினித் திரைக்கு மாறிவிட்டன. மசாலாக்காரர் தன் மகனை அனுப்பிவிட்டார். மென்பொருள் சகோதரர்கள் அங்கேயே வீடு எடுத்துவிட்டார்கள். மதாம் செலின் ஒரு திருகாணிக் கருவியோடு வந்து பெயர்ப்பலகைகளைக் கழற்றினார். ஓட்டைகள் மட்டும் கதவில் நின்றன.

கடைசிச் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு முடிந்ததும் ஜெசிந்தா அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டார்: "நீ போனால் நான் ஆரோடை கதைக்கிறது?"

"போன் எடுப்பன் அக்கா. ஒவ்வொரு செவ்வாயும்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

நான் சொன்னபடி எடுக்கிறேன். லா சப்பலுக்குத் திரும்பிவிட்டேன். தெரு முழுக்கத் தமிழ், காலையிலிருந்து கடை பூட்டும்வரை. ஆனால் குணம் அண்ணை என்னைக் கண்டால் இப்போதும் "எப்ப பிள்ளை திரும்பிப் போறாய்?" என்றுதான் கேட்கிறார். என் வயதுத் தோழிகள் நான் இல்லாத காலத்துக் கதைகளைப் பேசி, பாதியில் நிறுத்தி, உனக்குத் தெரியாது என்கிறார்கள். இருப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இங்கே அதை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய் மத்தியானம், அலுவலகத்துக்கு வெளியே, ஆட்கள் இடித்துக்கொண்டு போகும் நடைபாதையில் நின்று கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "மொயென்" என்றார், அந்த ஊர் வணக்கம். பிறகுதான், "ஓம், சொல்லு பிள்ளை." சார்புறூக்கனில் இரண்டாவது கடை கேட்கிறார்கள் என்றார். கோயிலில் ஏதோ விழா, தன்னைத் தனியாகப் பாடச் சொல்கிறார்கள் என்றார். நான் என் கதையைத் தொடங்கினேன். இங்கே ஒன்றும் சரியாகப் பிடிபடவில்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அங்கே பெல் அடித்தது.

"பொறு, வை, வை. ஆரோ வந்திருக்கினம்."

போனை எங்கோ வைத்தார், நிறுத்த மறந்துவிட்டார். ஓட்டுத் தரையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இரண்டு மூன்று பெண் குரல்கள், எனக்குத் தெரியாத மொழியில், ஒரே நேரத்தில். நடுவே ஜெசிந்தா அக்காவின் சிரிப்பு. கதிரைகள் இழுபட்டன. யாரோ மெல்ல ஒரு மெட்டைத் தொடங்கினார்கள்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. லா சப்பல் என்னைச் சுற்றி நடந்து போய்க்கொண்டிருந்தது.